ஒரு எட்டு

லியெபாயாவில் நான் டிராம் ஓட்டுகிறவள்.
ஊருக்கே ஒரு தடம்தான்.
தண்டவாளம் போன வழி என் வழி.
வேலை முடிந்தால் அலைதாங்கிச் சுவருக்குப் போவேன்,
முனையில் வரிசையாக உட்காரும்
கடற்காகங்களைப் பார்க்க.

அதில் ஒன்றுக்குக் காலில் பச்சை வளையம்.
வளையத்தில் வெள்ளையாக மூன்று எழுத்து.
எங்கோ யாரோ பிடித்து, மாட்டி,
விட்டிருக்கிறார்கள்.
நார்வேயாக இருக்கலாம். அதற்கும் அப்பால் இருக்கலாம்.
தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆசைக்குக் கடையில் விலை போட்டிருந்தார்கள்:
அறுநூறு மில்லிமீட்டர், வெள்ளைக் குழல்,
என் ஐந்து மாதச் சம்பளம்.
கண்ணாடிக்கு வெளியே நின்று
மூச்சால் அதை மங்கலாக்கிவிட்டு வந்தேன்.

விரலுக்குத் தகுந்த வீக்கம்.
ஃபுல்-ஃபிரேம் கேமராவை விற்று
சின்ன சென்சார் உள்ள பழையதொன்று வாங்கினேன்.
அதே லென்ஸில் பறவை ஒன்றரை மடங்கு கிட்டே வந்தது.
கிட்டே வரவில்லை, உண்மையில்.
சுற்றிலும் இருந்த கடலைக் கொஞ்சம்
வெட்டி எறிந்திருந்தது.

அதுவும் போதவில்லை.
ஞாயிறுச் சந்தையில் குன்தார்ஸ்
போர்வைமேல் பரப்பியிருந்தவற்றில்
சோவியத் காலத்து ஆடி லென்ஸ் ஒன்று, ஐந்நூறு மில்லிமீட்டர்,
ஊறுகாய் ஜாடி போலக் குட்டை.
உள்ளே பூஞ்சை, சிலந்தி நூல் அளவுக்கு.
“நாற்பது யூரோ. பூஞ்சைக்குக் காசு வேண்டாம்.”

அதன் துளை எட்டில் நின்றுவிட்டது.
திறக்காது, மூடாது. கோடைக்கும் எட்டு, பனிக்கும் எட்டு.
எட்டு இருந்தும் எட்டவில்லை.

இடையில் ஒரு டெலிகன்வெர்ட்டர் மாட்டினேன்.
தூரம் பாதியானது.
வெளிச்சம் கால்வாசியானது.
நவம்பரில் இங்கே வெளிச்சமே அளந்துதான் கிடைக்கும்,
அதிலும் முக்கால் பங்கை வட்டியாகக் கட்டினேன்.
கைநடுக்கமும் இரட்டிப்பாகும் என்பதை
விற்றவன் சொல்லவில்லை.

முக்காலிக்குக் காசில்லை.
பழைய சீருடைக் கால்சட்டையின் ஒரு காலை வெட்டி
இரண்டு கிலோ சாம்பல் பட்டாணி நிரப்பித் தைத்தேன்.
சுவரின்மேல் மூட்டை, மூட்டையின்மேல் லென்ஸ்,
லென்ஸுக்குப் பின்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்.

அலையின் மினுக்கமெல்லாம் அந்த லென்ஸில்
வளையம் வளையமாக விழும், அதன் குணம் அப்படி.
நூறு வளையம்.
எனக்கு வேண்டியது ஒன்று.

கே. ஏழு. அப்புறம்
மூன்றா, எட்டா?
வீட்டில் திரையில் பெரிதாக்கினேன்.
கட்டம் கட்டமாக உடைந்தது.
மூன்றா.
எட்டா.
எட்டா.

பதினோராம் நாள் மூட்டை பிரிந்தது.
என் தையல் அப்படி.
பட்டாணி சுவரில் உருண்டு, பாறையில் குதித்து,
என் பூட்ஸைச் சுற்றிச் சிதற
இறங்கின அத்தனை காகமும்.
பச்சை வளையம் நேராக என் காலடிக்கு வந்தது.
நான்கு மீட்டருக்குள் வருவதை
அந்த லென்ஸ் பார்க்காது.
எதைத் திருகினாலும் சாம்பல் புகை.

கேமராவைக் கீழே வைத்தேன்.
நகர்ந்தால் பறந்துவிடுமோ என்று பயந்து
ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு, முன்னே வைத்துக் குனிந்தேன்.
வெறுங்கண்ணுக்கு எட்டியது:
எட்டு.
அது ஒரு பட்டாணியைக் கொத்தி,
பிடிக்காமல் துப்பிவிட்டு, என்னைப் பார்த்தது,
சில்லறை குறைகிறது என்று நிற்கும் பயணியைப் போல.

எண்ணை எழுதி அனுப்பினேன்.
நான்கு நாளில் பதில்:
வயது ஒன்பது.
வளையம் மாட்டிய இடம், நம் ஊர்க் குப்பைமேடு.
டிராம் டிப்போவிலிருந்து ஏழு கிலோமீட்டர்.
வேறெங்கும் கண்டதாகப் பதிவு இல்லை.

உனக்கும் ஒரே தடமா?

மிஞ்சிய பட்டாணியைப் பொறுக்கி வந்து
அன்றிரவு பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதக்கி
வேகவைத்துச் சாப்பிட்டேன்.
லேசாகச் சீருடை வாசம்.