புட்டியின் பெயர்

மோன்டெவிதெயோவில் ஆகஸ்ட். ஆற்றுக் காற்று
கண்ணாடிக் கதவை உலுக்கிய ஒரு காலையில்
நேலிடா எச்செவெர்ரி வந்தாள்,
கம்பளிச் சால்வைக்குள் நாயைப் பொதிந்துகொண்டு.

பெயர் புல்கா, அதாவது தெள்ளுப்பூச்சி;
அதன் மேல் ஒன்றுகூடக் கிடையாது.
கருப்பையும் சினைப்பையும் நானே எடுத்து ஏழு வருடம்.
இப்போது காம்புகள் வீங்கியிருக்கின்றன.
தெரு நாய்கள் வாசலில் தவம் கிடக்கின்றனவாம்.

"உள்ளே எதையாவது விட்டுத் தைத்துவிட்டீர்களா?"
கேட்க வேண்டிய கேள்விதான்.
ஸ்கேன் பார்த்தேன். இரத்தம் அனுப்பினேன்.
பழைய குறிப்பேட்டை இரவு வெகுநேரம் புரட்டினேன்.
மிச்சம் எதுவுமில்லை.

வியாழக்கிழமை,
மேசையைத் துடைக்கிற சாக்கில், முகம் பாராமல் கேட்டேன்:
வீட்டில் யாராவது ஹார்மோன் க்ரீம் தடவுகிறீர்களா?

குளிர்பதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது.
நேலிடா தன் கன்னத்தைத் தொட்டாள்,
எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிறவள் போல.

மருந்துக்கடையில் கலந்து தருகிறார்களாம்.
வெள்ளைப் புட்டி, கையெழுத்தில் ஒரு சீட்டு,
காலுறைகளுக்குப் பின்னால் ஒளிவாசம்.
இரவானால் கழுத்துக்கும் கண்ணோரத்துக்கும் பட்டாணி அளவு.
"சுருக்கம் குறைந்தது நிஜம்," சற்றுப் பெருமையாகவே சொன்னாள்.
பூசியதும் கட்டிலேறி
முகம் முழுக்க நக்கிவிட்டுத்தான் புல்கா உறங்கும்.

"மேலுக்குத்தானே? உள்ளே இறங்காது அல்லவா?"

தோல் மதில் இல்லை, நேலிடா.
நாயின் நாக்குக்கு இவ்வளவு கொடுத்தது
உங்கள் இரத்தத்துக்கு எவ்வளவு கொடுத்திருக்கும்,
பத்து வருடம் பூசினால் என்ன ஆகும்,
எனக்குத் தெரியாது. நான் நாய் வைத்தியர்.
மார்பைப் பரிசோதித்தது எப்போது?
உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா?

"அவர் ரொம்பச் சின்னப் பையன்," என்றாள்.
அதுதான் பதில்.

கையுறை போடுங்கள், கையைக் கழுவுங்கள்,
நாய் கூடத்தில் படுக்கட்டும் என்றேன்.
"அப்புறம் இந்தக் கன்னம் யாருக்கு?" என்று சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

அக்டோபரில் புல்காவின் காம்புகள் வற்றிவிட்டன.
நேலிடாவின் கன்னம் அப்படியே மினுங்குகிறது.
கையுறையா, சாத்திய கதவா,
மருத்துவரிடம் போனாளா, கேட்கவில்லை.
எனக்கும் ஐம்பத்து மூன்று.

புல்காவின் பதிவேட்டில்
காரணம் என்ற கட்டத்தில் புட்டியின் பெயரை எழுதினேன்.
இன்னொரு துண்டுத் தாளிலும் எழுதினேன்,
கடையின் முகவரியோடு.
அது இன்னும் என் கோட்டுப் பையில் இருக்கிறது,
நாய் பிஸ்கட் தூள்களுக்கு நடுவே.