நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்

ஃப்ரிட்ஜைப் படுக்க வைக்கக் கூடாது.
கட்டிலை நிமிர்த்திப் போடக் கூடாது.
சவரிமுத்துவின் ஃபோர் நாட் செவனில்
இவ்வளவுதான் சட்டம்.

அதனால் ஃப்ரிட்ஜ் நின்றபடி வந்தது.
கட்டில் கவிழ்ந்து, நாலு காலும் வானம் பார்க்க,
வயிற்றுக்குள் மெத்தை, மிக்ஸி, தண்ணீர்க் குடங்கள்,
அவர் கடையில் மிஞ்சிய செல்போன் கவர்கள்
ஒரு சாக்கு.

மாற்றல் எனக்குத்தான்.
நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி லேபிலிருந்து திருச்சிக்கு.
தாளைப் படித்துவிட்டு
"போவோம்" என்று ஷட்டரை இழுத்துப் பூட்டினார் அறவாழி.
அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
முன்சீட்டில் எங்களுக்கு நடுவே பூவிழி,
பாலத்துக்குப் பாலம் பலகை வாசித்தபடி.

ஓடம்போக்கி. வெட்டாறு. பாண்டவையாறு. வெண்ணாறு.
எல்லாவற்றிலும் மணல்.
மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம்.
"எத்தனை ஆறும்மா?"
"ஒண்ணுதான் பாப்பா" என்றார் சவரிமுத்து, கியரை மாற்றிக்கொண்டே.
கடலுக்கு வருகிறபோதுதான் பிரிகிறது போல.
கடலிலிருந்து கிளம்பியவர்களுக்கு
ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
எஞ்சினைக் கழற்றிவிட்டு இன்னொன்றுக்காகக் காத்துக் கிடந்தது.
முன்னால் ஏழெட்டு பஸ். பின்னால் எண்ணவில்லை.
வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒருவர்
எங்கள் வண்டியை மட்டும் இரண்டு சுற்று சுற்றினார்.
எட்டிக் கட்டில் காலைத் தட்டினார்.
"தேக்கா?"
"ம்."
"குடுக்கிறதா?"

அறவாழி சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கிச் செய்த கட்டில்.
தலைமாட்டில் இரண்டு மயில், ஒன்றுக்கு அலகு கிடையாது.
புது வீடு இரண்டாவது மாடி.
படிக்கட்டு வளைகிற இடத்தில் அகலம் இரண்டே முக்கால் அடி.
போன மாதமே டேப் வைத்து அளந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன தருவீங்க?" என்றேன்.
"படுத்துப் பாக்காம எப்படிம்மா சொல்றது?"

ஒரு கண்டக்டர் கைகொடுத்தார், இரண்டு டிரைவர்கள்.
தார் ரோட்டில், பஸ்களின் மூக்குக்கு நேரே,
என் கட்டில் நின்றது.
அவர் துண்டால் பாதம் துடைத்து, ஏறிப் படுத்து,
கண்ணை மூடிக்கொண்டார்.
ஜன்னல் ஜன்னலாகத் தலைகள்.
அப்போதுதான் ரயில் நகர்ந்தது.
பூவிழி எண்ணினாள், நாற்பத்திரண்டு பெட்டி.
கார்டு பெட்டி கடந்த பிறகும்
கொஞ்ச நேரம் அவர் எழவில்லை.

"நாலாயிரம்."
எதற்குக் கட்டில் என்று சொல்லவில்லை.
பணம் அனுப்ப போனை எடுத்தார்;
கண்ணாடி மூலையில் விரிசல், சுற்றி ரப்பர் பேண்டு.
அறவாழி அதைப் பார்த்தார்.
வண்டியில் ஏறிச் சாக்குக்குள் தோள்வரை கையை விட்டு
அந்த மாடலுக்கான கவரைத் தேடி எடுத்து
மாட்டிக் கொடுத்தார்.
காசு வேண்டாம் என்றார்.
கடையின் கடைசி வியாபாரம் அதுதான்.

நாலு பேர் தூக்கும்போது கண்டக்டர் கத்தினார்:
"நிமிர்த்தித் தூக்காதீங்கய்யா, கவுத்துத் தூக்குங்க,
பாக்குறவங்க வேற மாதிரி நெனச்சுக்கப் போறாங்க!"
தலைகளின் மேல் கால்கள் ஆட, தண்டவாளம் தாண்டி,
அலகில்லாத மயில் கடைசியாகப் போனது.
கேட் திறந்ததற்கு எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

அம்மாப்பேட்டை வரை யாரும் பேசவில்லை.
"படி அளந்தியா?" என்றார் திடீரென்று.
"ரெண்டே முக்கால்."
"நானும் அளந்தேன்" என்றார்.
பூவிழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரவு, திருச்சி. வெறுந்தரையில் மூன்று பேர்.
கட்டிலை விற்றவர்கள்
கொசுவலைக் கம்பிகளைக் கொடுக்க மறந்திருந்தோம்.
நட்டு நிறுத்த இடமில்லாமல் அவை மூலையில் சாய்ந்திருந்தன.
இந்த ஊர்க் கொசுவுக்கு நாங்கள் புதுசு என்று தெரிந்துவிட்டது.
வலையின் ஒரு முனை ஜன்னல் கம்பியில்,
ஒன்று கதவுத் தாழ்ப்பாளில்,
ஒன்று, இன்னும் நின்றுகொண்டே இருந்த ஃப்ரிட்ஜின் கைப்பிடியில்.
நாலாவதை
அறவாழி தன் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு
முழங்காலை உயர்த்திப் படுத்தார்.
"தூங்கினா விழுந்துடுமே?"
"தூங்குனாத்தானே" என்றார்.