ஆவ்ஜோ

வடோதராவில் இறங்கிய மூன்றாம் நாளே
என் பெயர் காணாமல் போனது.
ஊர்வே என்று சொன்னேன்.
ஊர்வியா, நம்ம ஊர்ப் பெயராச்சே என்று
எதிர்வீட்டு இலாபென் எழுதிக்கொண்டார்.
பால் கணக்கில், மின்கட்டண உறையில்,
பிறகு எல்லார் வாயிலும் அதுதான்.
எஸ்தோனியாவில் அம்மா வைத்த பெயர்
பாஸ்போர்ட்டில் மட்டும் வசிக்கிறது.

ஹாலோல் சாலைக் கண்ணாடி ஆலையில்
ஆயிரத்து ஐந்நூறு டிகிரி உலையை
எனக்குப் படிக்கத் தெரியும்.
நிறம் போதும், சொல்லிவிடுவேன்.
தலையை ஆட்டுகிற ஃபோர்மன் கிரீட்
ஆமாம் என்கிறானா, பார்க்கலாம் என்கிறானா,
அது தெரிய ஓராண்டு ஆனது.
(பார்க்கலாம் என்றால் இல்லை.
அதற்கு இன்னும் ஆறு மாதம்.)

ஒரே ஒரு சொல் உடனே ஒட்டிக்கொண்டது.
போகிறவரும் சொல்வார், இருப்பவரும் சொல்வார்:
ஆவ்ஜோ.
போகும்போது 'வாருங்கள்' என்கிற ஊர்.
நாங்கள் 'நல்ல நேரம்' என்போம்,
சொன்னதும் கதவைச் சாத்திவிடுவோம்,
குளிர் உள்ளே வரக்கூடாது.
இங்கே அந்தச் சொல்லுக்குப் பிறகுதான்
பேச்சே தொடங்கும்,
லிஃப்டின் கம்பிக்கதவை ஒரு காலால் தடுத்துக்கொண்டு:
சம்பளம் எவ்வளவு, குழந்தை ஏன் இல்லை,
கத்திரிக்காய் கிலோ என்ன, ஏமாந்துவிட்டாய்.
காய்கறிக்காரியிடம் சொன்னேன்,
வங்கிக் காவலாளியிடம் சொன்னேன்,
தவறிப்போய் வந்த தொலைபேசியிலும் சொன்னேன்.
அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மார்ச்சில் மன்ஹர்பாய் இறந்தார்.
இலாபெனின் கணவர்.
என் ஸ்கூட்டரை நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு
அதைச் சொல்லாமலே இருந்தவர்.
பேஸ்ணு நாலு முதல் ஆறு வரை என்று
நாளிதழில் போட்டிருந்தார்கள்.
துக்கத்துக்கும் நேரம் குறித்திருப்பது
எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.
கறுப்பு கூடாது, வெள்ளை என்று கேட்டறிந்து
குர்தா வாங்கினேன், விலை பேசாமல்.
பூங்கொத்து வேண்டாம். கைகுலுக்க வேண்டாம்.
படத்துக்கு நேரே பாதம் நீட்டக் கூடாது.
விரிப்பில் மடங்கி உட்கார்ந்தேன்,
முழங்கால் இரண்டும் கத்தின.
சந்தன மாலைக்குள்ளிருந்து மன்ஹர்பாய்
ரேஷன் கார்டுக்கு எடுத்த முகத்தோடு பார்த்தார்.
எல்லாம் சரியாகச் செய்தேன்.
எழுந்தேன், கும்பிட்டேன்,
குவியலில் என் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தேன்.
அப்போது நாக்கு, தானாகவே,
சந்தோஷமாக:

ஆவ்ஜோ.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
இலாபென் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் உலை பக்கத்தில் கிரீட் கேட்டான்,
சிரிக்காமல்:
சாவு வீட்டு வாசலில் நின்று 'வாருங்கள்' என்றால்
எதை வரச் சொல்கிறீர்கள், மேடம்?

மூன்று முறை அழைப்புமணி வரை விரல் போனது.
இங்கே பேருந்தில் காலை மிதித்தவர்கள்
மன்னிப்புக் கேட்பதில்லை.
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.
சொல்லால் மிதித்ததை எங்கே தொடுவது?

ஜூன். முதல் மழை.
இலாபென் கதவை இடித்தார்.
மாடித்தொட்டி வழிகிறது, மோட்டார் நிற்கவில்லை,
அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்,
நீ இன்ஜினியர்தானே.
நிறுத்தினேன். டீ வந்தது. ஹாண்ட்வோ வந்தது.
போதும் என்றதும் இன்னொரு துண்டு வந்தது.
அந்த வெள்ளைக் குர்தா என்ன விலை என்று கேட்டார்.
சொன்னேன்.
ஏமாந்துவிட்டாய் என்றார்.

எழுந்தேன். கும்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை.
பட்டுக் கற்றது மறக்குமா?
என் கதவில் சாவி பாதி திரும்பியபோது
பின்னாலிருந்து குரல், உரக்க, நிஜமான கோபத்தில்:

ஏன் ஊர்வி,
என் வீடு இன்னும் சாவு வீடா உனக்கு?

நாலடி தூரம்தான் இரு கதவுகளுக்கும்.
சொன்னேன்.
அவரும் சொன்னார்.
பிறகு இருவரும் உள்ளே போகாமல்
கத்திரிக்காய் விலை பேசிக்கொண்டு நின்றோம்.
மாடியில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.
நான் சரியாக மூடாத வால்வாக இருக்கும்.