வெறும் வைக்கோல்

மாடு இருக்கிறது. ஒரு கொம்பு போன ஆடும்
அதற்குத் துணையாய் மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிய
பிளாஸ்டிக் கன்றும் இருக்கின்றன.
சூசையும் மரியாளும் மூன்று ராஜாக்களும்
பக்தியோடு குனிந்து பார்ப்பது
வெறும் வைக்கோலை.

இருபத்துநாலு சாயங்காலம், வள்ளவிளை.
கடல் பின்பக்கத்துப் பாறாங்கல்லில் அறைந்துகொண்டிருக்க
பதினேழு பேர் ஒரு சாண் பாலனைத் தேடுகிறோம்.

"போன வருசம் கெட்டி வச்சது யாரு?"
பெங்களூர் பஸ்ஸில் வந்த கால்கூடக் கழுவாமல்
றோஸ்லின் மதினி என்னைப் பார்த்துக் கேட்டாள்.
நான் கட்டியது ராஜாக்களை மட்டும்,
ராஜாவுக்கு ஒரு செய்தித்தாள் வீதம்.

அரிசி டிரம்மில் கை விட்டதில்
கிளாடிஸ் சித்தியின் ஒற்றைக் கம்மல் வந்தது.
எட்டு வருடம் அதற்காகப் பேசாதிருந்த இருவர்
டிரம்முக்கு இரு பக்கமும் நின்றார்கள்.
பீரோ மேல்தட்டில் தீப்பெட்டிக்குள் மூன்று பால்பற்கள்.
எனது என்றான் ஜெனோ.
எனது என்றார் அவன் அப்பா.

ஜெர்வாசியுஸ் மாமா மட்டும் தேடவில்லை.
நட்சத்திரத்துக்கு ஒயர் இழுக்கிறேன் என்று
ஏணியிலேயே இருந்தார்,
ஒரு ஒயருக்கு இரண்டு மணி நேரம்.

சாமப்பூசைக்கு மணி அடித்தது.
ஒரு மெழுகுதிரியாவது வைப்போம் என்றாள் மதினி.
"தீப்பிடிக்கும். பிள்ள வரும்போ வரட்டு" என்றார் மாமா
மேலேயிருந்து.

கேக் வெட்டினோம். இறைச்சியில் ஒரு பங்கை
எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.
ததேயுவின் படகு மினிக்காய்க்கு மேற்கே,
எஞ்சின் கோளாறு, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
இன்னொரு படகு வயர்லெஸ்ஸில் சொன்ன மூன்று வரி.
அதை நான் எத்தனை முறை
மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன்.

இருபத்தேழு விடியற்காலை
கொச்சியில் படகைக் கட்டிவிட்டு, பஸ் மாறிப் பஸ் மாறி
வாசலில் நின்றார், தாடியும் ஐஸ்பெட்டி வாடையுமாய்.
பிள்ளைகளுக்கு அல்வா. எனக்கு ஒன்றுமில்லை.
பிறகு சட்டைப்பையிலிருந்து
என் பழைய ஜாக்கெட் துணியில் சுற்றிய ஒன்று.

டீசல் மணத்தது பாலனுக்கு.

"திருட்டுப் பயலே" என்று மதினி
அவர் முதுகில் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள்.
மாமா பொம்மையை வாங்கி
வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.
அதில் இரண்டு விரல் கிடையாது.
பூனை தட்டிவிட்டது என்றுதான்
நான் வந்த நாளிலிருந்து கேள்வி.

"பூனை இல்ல" என்றார் மாமா. "எம்பத்தொம்பது.
நல்ல காத்து. எனக்க மடியில இருந்து விழுந்து."

லில்லி அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள்.
"அப்போ அந்தப் பூனைய சாக்குல கெட்டி
கொல்லங்கோட்டுல கொண்டுவிட்டது எதுக்கு?"

மாமாவிடம் பதில் இல்லை.
காலை எட்டு மணி வெயிலில் ஜெனோ
நட்சத்திரத்தைப் போட்டான்.
இறைச்சியை மூன்றாம் முறை சூடாக்கினேன்.

ஆறாம் தேதி குடில் பிரிக்கும்போது
பாலன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
ததேயுவின் பையில், சட்டைகளுக்கு நடுவில்
நானே வைத்தேன்.
ராஜாவுக்கு ஒரு தாள்.
இவனுக்கு மூன்று.