பின்சக்கரத்து இரண்டும்

ஒரு மேட்டில் ஏறி இறங்கினால்
நாலு தரம் தலையாட்டுகிறது லாடா.
ஆமாம், ஆமாம், ஆமாமென்று
எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிறதை
எந்தப் பந்தயத்துக்குக் கூட்டிப்போவது?

ரீகாவில் ஏப்ரல். கொட்டகைக்குள்
மூச்சு இன்னும் புகைகிறது.
சக்கரத்தைக் கழற்றினேன்.
ஷாக் அப்சார்பர் முழுக்க எண்ணெய்க் கசிவு,
அதில் அப்பிய போன வருஷத்துப் புழுதி,
தடத்தோரக் காட்டின் பைன் ஊசி ஒன்று.

கீழ் போல்ட் அசைவேனா என்றது.
துருவுக்கு எண்ணெய் அடித்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரில்
குழாயைச் செருகி ஏறி நின்றேன்.
அறுபத்திரண்டு கிலோ போதவில்லை.
கிர்ட்ஸுக்குச் செய்தி அனுப்பினேன்:
"உன் எடையைக் கொண்டு வா."

விவாகரத்தில் வீடு எனக்கு, நாய் அவனுக்கு.
எழுபத்தி நாலாம் வருஷத்து இந்தக் காரை மட்டும்
எப்படிப் பிரிப்பதென்று
வக்கீலுக்கும் தெரியவில்லை.

ஒரே குழாயில் இருவரும், தோள் உரச.
டொக்.
விழாமலிருக்க அவன் சட்டையைப் பிடித்தேன்.
விட்டேன்.

பழையதின் தண்டை அழுத்திப் பார்த்தான்.
ஓட்டைச் சைக்கிள் பம்பு போலப்
போனது, வந்தது.
"இதை வைத்தா இரண்டு வருஷம் ஓட்டினேன்?"
புதியதை அழுத்தினான்.
முழங்கை நடுங்க, முரண்டு பிடித்து
மெல்ல இறங்கியது.

சனிக்கிழமை, மூன்றாம் வளைவின் மேடு:
ஏறியது. இறங்கியது. அவ்வளவுதான்.
ஹெல்மெட்டைக் கழற்றியபடி சொன்னான்:
"குலுக்கல் நின்றதும்
கியர்பாக்ஸ் முனகுவது கேட்கிறது."
எனக்கு எப்போதோ கேட்டது, சொல்லவில்லை.

முன்பக்கத்து இரண்டும்
இன்னும் பாக்கி.