நியூட்ரல்

அரவேனு தாண்டியதும்
என் இடதுகை தானாகப் போகும்.
கியரை நடுவில் தள்ளிவிட்டால்
ஆம்னி சத்தமில்லாமல் இறங்கும்,
பின்னால் வர்க்கிப் பெட்டிகள்
ஒன்றோடொன்று உரசிக்கொள்ள.
மேட்டுப்பாளையம் சேர்வதற்குள்
கால் லிட்டர் மிச்சம்.
பேக்கரியில் பெட்ரோலுக்குத் தருவது கணக்கான காசு,
மிஞ்சினால் எனக்கு.
பதினோரு வருஷக் கால் லிட்டர்களில்தான்
சுகிர்தா பிளஸ் டூ முடித்தாள் என்று
அவள் அம்மாவிடம் பெருமை அடித்ததுண்டு.

போன வாரம் அவளும் வந்தாள்.
பதினெட்டு முடிந்து ஒன்பது நாள்.
மடியில் எல்.எல்.ஆர். கேள்விப் புத்தகம்,
வாயில் உடைந்த வர்க்கியின் பாதி.
'கேளுப்பா' என்று வாசித்தாள்:

செங்குத்தான இறக்கத்தில் வாகனத்தை
அ. நியூட்ரலில் விட வேண்டும்
ஆ. எஞ்சினை அணைத்துவிட வேண்டும்
இ. குறைந்த கியரில் ஓட்ட வேண்டும்.

'இ' என்றேன்,
இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டதுபோல.
பென்சிலால் டிக் அடித்தாள்.
அடுத்த கேள்விக்குப் போகவில்லை.
கியர் தடியைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
எந்தப் பக்கமும் பிடிப்பில்லாமல்
அது ஆடிக்கொண்டிருந்தது,
விழப்போகும் பால்பல் மாதிரி.

ஏதாவது சொல்லியிருந்தால்
என்னிடம் பதில் இருந்தது.
இந்த ரோடு எனக்குத் தூக்கத்திலும் தெரியும்,
புத்தகம் எழுதினவன் குஞ்சப்பனை பார்த்திருப்பானா,
நீ முதலில் பாஸ் பண்ணு.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே ஒரு வெளியூர் கார்
சக்கரத்துக்குக் கல் வைத்து நின்றது.
பிரேக் காய்ந்த வாடை
வர்க்கி நெய்யையும் மீறி உள்ளே வந்தது.
அதற்கடுத்த வளைவில்
தடுப்புச் சுவரில் நாலடி மட்டும்
புதுச் சுண்ணாம்பு.
அது ஏன் புதிது என்று
அவளிடம் நான் சொன்னதில்லை.
தேவசகாயம் என்னைவிட நன்றாக ஓட்டுவான்.

இரண்டாவது கியரைப் போட்டேன்.
சீட்டுக்கு அடியில் எஞ்சின் உறுமியது,
யாரோ பின்னாலிருந்து
சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல
வண்டி நிதானித்தது.
'அடுத்தது படி' என்றேன்.
'குறுகலான மலைப்பாதையில்
யாருக்கு வழிவிட வேண்டும்?'
இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை
சிவப்புக் காகிதத்தில் எல் வெட்டி ஒட்டினாள்.
ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன் அவளுக்கு:
போன், பனி, குடித்துவிட்டு எதிரே வருகிறவன்,
பின்சீட்டில் சத்தம் போடும் சிநேகிதிகள்,
எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம்.
முதல் கல்வெர்ட்டிலேயே மறந்துபோனது.
என் பக்கம் இல்லாத பிரேக்கை
வலதுகாலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

'காலை எடுப்பா, மேட் கிழியுது.'

கட்டபெட்டு ரோட்டில் பனி இறங்கியது.
லைட்டைத் தாழ்த்தினாள்.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை
ரோட்டுக்கு வந்து
கல்யாண வீட்டுப் பெரிய மனிதர்போல் நின்றது.
பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.
இன்னொன்றும் அடித்தது.
'ஓரமா எடம் இருக்கு, போயிடலாம்' என்று
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது எனக்கு.
அதே நேரம் சட்டைப்பையில் போன் வேறு.
அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு
கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது.
அது வாலைச் சுழற்றி
கீழ்த்தோட்டத்தில் இறங்கியது.
பிறகும் அவள் உடனே கிளம்பவில்லை.
'ஜோடியா வரும்' என்றாள்.
வந்தது.

மாசக் கடைசியில்
சீட்டுப் பணம் இருநூறு குறைகிறதே
என்று கேட்டாள் மனைவி.
வண்டிக்கு வயசாகிறது,
பெட்ரோல் குடிக்கிறது என்றேன்.
டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த சுகிர்தா
திரும்பவில்லை.
குழாயை மட்டும்
கொஞ்சம் சத்தமாகத் திறந்துவிட்டாள்.