பதினாறு மூச்சுக்குழல்

ஞாயிறு, விடிகாலை. நாலு ரோட்டுப் பக்கம்
இம்தியாஸ் பாய் கடையில் நான்தான் முதல் ஆள்.
"எவ்வளவு கறிம்மா?"
கறி வேண்டாம் பாய். மூச்சுக்குழல். பதினாறு.
தொண்டைக் குருத்தெலும்போடு, கிழியாமல்.
"சூப்புக்கா?"
படிப்புக்கு.
கத்தியைத் துடைத்தபடி என்னை ஒருமுறை பார்த்தார்.
நாய்க்கு வீசுவதுதான். ஆனாலும்
நூற்றிருபது வாங்கிக்கொண்டார்.

வகுப்பில் மின்சாரம் இல்லை.
ட்ரேயில் வரிசையாக ஈரக் குழல்கள்,
தோலுக்குப் பதில் மேலே ஒட்டிய பிளாஸ்டர்.
"முகம் நொறுங்கிவிட்டது. வாய் நிறைய ரத்தம்.
பையை அழுத்தினால் காற்று உள்ளே போகவில்லை.
இனி?" என்றார் டாக்டர் ரெஹானா.
யாரும் பேசவில்லை.
தெரியாமல் இல்லை.

விரல் முதலில், கத்தி பிறகு.
மேட்டிலிருந்து கீழே வழுக்கினால் ஒரு பள்ளம்,
மொச்சைக்கொட்டை அகலம்.
அவ்வளவுதான் கதவு.

திம்மராயனுக்குக் கை நடுங்கியது.
பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவர்.
முதல் வெட்டு பக்கவாட்டில், இரண்டாவது மறுபுறம் வரை.
"என் ஆடு செத்துப்போச்சு" என்றார்.
சிரித்தோம்.

டீக்கடையில் கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னார்:
"தொப்பூர் இறக்கம். கிரானைட் லாரி.
கிளீனர் பையன், மீசைகூட வரல.
தர்மபுரி வர்ற வரைக்கும் பையை
அழுத்தினேன், அழுத்தினேன்.
இங்க ஒரு பள்ளம் இருக்குன்னு
அப்ப யாரும் சொல்லல."
டீ ஆடை கட்டிவிட்டது.

திரும்பி வந்து,
நான் வெட்டி முடித்ததை எடுத்தார்.
தைக்காமல், மூடாமல் கிடந்த அதையே
திருப்பி வைத்து, கண்ணை மூடித் தடவினார்.
பிளாஸ்டர் இல்லை, புதுசும் இல்லை.
கீழே ஒரு வளையம் தள்ளி வெட்டினார். குழாய் போனது.
"இடம் தப்பு" என்றார் டாக்டர்.
"தெரியுது மேடம்" என்றார்,
ஆனால் கை நடுங்கவில்லை.

சாயங்காலம் மேச்சேரி பஸ்.
கண்டக்டர் 'டிக்கெட்' என்கிறபோது
அவர் தொண்டை ஏறி இறங்குகிறது.
முன் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு
அந்த இடம் எவ்வளவு சிறிசு,
அதற்கு இந்தக் கத்தி கூடாது,
ஊசிதான், அது அடுத்த பாடம்.
தொப்பூரில் பஸ் பிரேக் பிடித்தபடி இறங்குகிறது.
என் கழுத்தில் விரல் வைத்து
எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன்.

பாய்க்குப் போன் போட்டேன்.
அடுத்த ஞாயிறு முப்பத்திரண்டு வேணும்.
ஆளுக்கு ரெண்டு.
"ஏம்மா, சூப்புக்கு வர்றவங்களுக்கு
நான் என்ன பதில் சொல்றது?"